டைமிங் செயின் மாற்றுதல்: அதிகம் ஓடிய பழைய காருக்கான முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டில் மார்கழி இரவு முழுவதும் வெளியில் நின்ற பழைய கார் ஒன்றைக் காலையில் கிளப்பும்போது, எஞ்சினில் ஃபேன் பெல்ட் ஓடும் புல்லிப் பக்கத்திலிருந்து தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் எழுந்து, இரண்டு மூன்று விநாடிகளில் தானாகவே அடங்கிவிடுகிறது என்றால், அந்தக் காரின் டைமிங் செயினைத் திறந்து பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். பிஸ்டன்களால் சுற்றும் கிராங்க் ஷாஃப்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் இணைத்துச் சரியான நேரத்தில் சுற்றவைப்பது இந்தச் செயின்தான். அதே காரைச் சேலத்துக்கு இறக்கி, கடைவீதியில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடியும் கிளப்பினால் இந்தச் சத்தம் வராது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. இரவில் அதிலிருந்து ஆயில் வடிந்துவிடுவதால், குளிர்ந்து கெட்டியான ஆயில் மறுபடியும் வந்து சேரும்வரை தளர்ந்த செயின் அடித்துக்கொள்கிறது. ஆகவே காரைக் கொண்டுபோய்க் காட்டுவதைவிட, மெக்கானிக்கைக் காலையில் வீட்டுக்கு அழைத்துக் கேட்கச் சொல்வதே நல்லது.

இவ்வழிகாட்டி, முன்பக்கத்தில் குறுக்காக அமைந்த, இரண்டு கேம் ஷாஃப்டும் ஒரே செயினும் உள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மாருதியின் கே வரிசையைச் சேர்ந்த நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. பழைய மாருதி 800-இல் இருந்தது ரப்பர் பெல்ட். அதன் வேலை வேறு. ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா போன்ற கார்களில் வந்த 1,248 சி.சி. டீசல் எஞ்சினில் செயின்தான் உண்டு என்றாலும், அதன் ஷாஃப்டுகளைச் சரியான நிலையில் பூட்டி வைக்கத் தனிப் பூட்டு ஊசிகள் வேண்டும். அவை கையில் இல்லாமல் அந்த எஞ்சினின் கவரைத் திறக்கக் கூடாது.

எது தேய்கிறது, ஏன் தேய்கிறது

செயின் 'நீண்டுவிட்டது' என்று பட்டறைகளில் சொல்வது வழக்கம். ஆனால் எஃகுத் தகடு ரப்பரைப்போல நீள்வதில்லை. ஒவ்வோர் இணைப்பிலும் உள்ள ஊசியும் அது சுழலும் துளையும் மிகச் சிறிதளவு தேய்கின்றன. அந்தத் தேய்மானங்களின் கூட்டுத்தொகையே நீளமாகத் தெரிகிறது. எடுத்துக்காட்டாக, 8 மி.மீ. இடைவெளியில் 122 இணைப்புகள் கொண்ட ஒரு செயினின் மொத்த நீளம் 976 மி.மீ.; ஓர் இணைப்புக்கு வெறும் 0.04 மி.மீ. தேய்ந்தாலும் செயின் ஏறக்குறைய 5 மி.மீ. நீண்டுவிடும். கிராங்க் ஷாஃப்டுக்கும் கேம் ஷாஃப்டுக்கும் இடையில் இழுபடும் பகுதி 300 மி.மீ. என்று கொண்டால், அதன் பங்கு 1.5 மி.மீ. கிராங்க் பற்சக்கரத்தில் 18 பற்கள் இருந்தால் ஒரு பல், அதாவது 8 மி.மீ., என்பது 20 டிகிரி. ஆகவே அந்த ஒன்றரை மில்லிமீட்டரால் வால்வுகள் திறக்கும் நேரம் கிட்டத்தட்ட 4 டிகிரி பிந்துகிறது. ஏற்றத்தில் இழுவை குறைவதற்கும், எஞ்சின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி-0016 என்ற குறியீடு வருவதற்கும் இந்தப் பிந்தல் ஒரு காரணம். கிராங்கின் நிலையும் கேமின் நிலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே அக்குறியீட்டின் பொருள். சென்சார் கெட்டாலும் அது வரும் என்பதால், குறியீட்டை மட்டும் நம்பி எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். காலைச் சத்தமும் குறியீடும் சேர்ந்து வந்தால் செயின்மீதான சந்தேகம் வலுக்கும்.

இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கணக்குச் சொல்பவர்கள், கார் எந்தச் சாலையில் ஓடியது என்பதைக் கேட்பதில்லை. செயினுக்குத் தெரிவது கிலோமீட்டர் அல்ல, சுற்றுகளே. தருமபுரி நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் 80 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 2,500 சுற்று ஓடும் ஒரு சிறிய கார், ஒரு கிலோமீட்டருக்கு 1,875 முறை சுற்றுகிறது. அதே கார் ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் 26 கி.மீ. வேகத்தில் ஏறும்போது, நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றே வைத்துக்கொண்டாலும், கிலோமீட்டருக்கு 4,600 சுற்றுகளைத் தாண்டிவிடுகிறது. இறங்கும்போதும் அதே கியர்தான். மலைக்கும் ஊருக்கும் நாள்தோறும் போய்வந்த காரின் ஒரு லட்சம் கிலோமீட்டர், சமவெளிக் காரின் இரண்டு லட்சத்துக்கும் மேலானது. அதோடு, ஆயிலைக் காலம் தாழ்த்தி மாற்றியிருந்தால், அதில் மிதக்கும் கரித்துகளே ஊசிக்கும் துளைக்கும் இடையில் அரப்பொடியாக வேலை செய்திருக்கும்.

வாங்க வேண்டியவை

செயினை மட்டும் வாங்காதீர்கள். செயின், டென்ஷனர், செயின் உரசி ஓடும் பட்டைகளான அசையும் கைடு, அசையாக் கைடு, கிராங்க் பற்சக்கரம், முன் ஆயில் சீல், எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங், சிலிக்கான் பேஸ்ட், ஆயில், ஃபில்டர், கூலன்ட் ஆகிய அனைத்தும் மேசைமேல் வந்த பிறகே முதல் போல்ட்டைத் தொட வேண்டும். கையேடு 'ஒருமுறை மட்டுமே பயன்படுத்துக' என்று சொல்லும் போல்ட்டுகளையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய செயினின் இணைப்புகளைக் கடையிலேயே எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. ஒரே எஞ்சினின் முந்தைய, பிந்தைய வடிவங்களுக்கு வேறு வேறு உதிரிபாகங்கள் இருப்பதுண்டு என்பதால், எஞ்சின் எண்ணைச் சொல்லி வாங்குவதே பாதுகாப்பு.

கருவிகளில் போல்ட்டின் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது; கிராங்க் புல்லியைப் பிடித்துக்கொள்ளும் கருவி, இரண்டு உறுதியான ஸ்டாண்டுகள், உங்கள் எஞ்சினுக்கு உரிய பணிமனைக் கையேடு ஆகியவையும் அப்படியே. பழைய செயினை வெட்டி, அதன் நுனியில் புதிய செயினைக் கோத்து இழுத்து, கவரைத் திறக்காமலேயே முடித்துத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அதிகம் ஓடிய காருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தேய்ந்த கைடும் உடைந்த பிளாஸ்டிக் துண்டுகளும் உள்ளேயே தங்கிவிடும்.

பிரித்தல்

முழுவதும் ஆறிய எஞ்சினில், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, ஆயிலையும் தேவைப்பட்டால் கூலன்ட்டையும் வடியுங்கள். காரை ஸ்டாண்டில் நிறுத்தி, செயின் பக்கத்துச் சக்கரத்தையும் உள்மட்கார்டையும் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே கை விடக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது எளிதாகும். ஃபேன் பெல்ட் போகும் வழியைக் கைபேசியில் படம் எடுத்த பிறகு அதைக் கழற்றுங்கள். அடுத்து இக்னிஷன் காயில்கள், டேப்பட் கவர்.

எஞ்சினைக் காரோடு பிணைத்துத் தாங்கும் மவுண்டிங்கைக் கழற்றும் இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பலரும் எஞ்சினின் ஆயில் தொட்டியான சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் எஞ்சினைத் தாங்குவார்கள். ஆனால் பல எஞ்சின்களில் செயினை மூடியிருக்கும் டைமிங் கவரின் அடிவிளிம்பு சம்ப்போடு ஒட்டியிருப்பதால் சம்ப்பையே இறக்க வேண்டியிருக்கும். அப்போது தாங்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஆகவே தொடக்கத்திலேயே மேலிருந்து குறுக்குக் கம்பியிலோ செயின் பிளாக்கிலோ எஞ்சினைத் தொங்கவிட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கிராங்க் புல்லி போல்ட் மிகவும் இறுக்கமாக இருக்கும். புல்லியைப் பிடிக்கும் கருவியால் அதைப் பிடித்துக்கொண்டு, நீண்ட கைப்பிடியால் தளர்த்த வேண்டும். ஸ்டார்ட்டரைத் தட்டி போல்ட்டைக் கழற்றும் பழக்கம் ஆபத்தானது. கேம் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு செயினின் பலத்தில் கழற்றுவது அதைவிட மோசம். எந்தத் திசையில் கழலும் மரை என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டே பலத்தைக் காட்டுங்கள். போல்ட் இளகியதும் அதை முழுவதும் கழற்றாமல், கையால் திருப்பி வையுங்கள்.

இனி எஞ்சினை அதன் இயல்பான திசையில், பெரும்பாலானவற்றில் புல்லிப் பக்கமிருந்து பார்க்கக் கடிகார முள் திசையில், மெதுவாகச் சுற்றி, முதல் சிலிண்டரை அழுத்த வீச்சின் உச்சிக்கு, அதாவது அதன் பிஸ்டன் உள்ளிருப்பதை அழுத்தியபடி மேலே வந்து நிற்கும் நிலைக்கு, கொண்டுவாருங்கள். புல்லியின் கீறல் பூஜ்ஜியத்தில் நின்றால் மட்டும் போதாது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும். ஆகவே கேமின் ஒரு முழுச் சுற்றில் அந்தக் கீறல் இரண்டு முறை பூஜ்ஜியத்தைத் தொடும். முதல் சிலிண்டரின் வால்வுகள் அனைத்தும் மூடியிருக்கின்றனவா, அவற்றின் கேம் மூக்குகள் வால்வை அழுத்தாமல் விலகி நிற்கின்றனவா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். கையேடு வேறொரு நிலையைச் சொன்னால் அதுவே இறுதி. சுற்றும்போது குறியைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பாதீர்கள். தேய்ந்த செயினின் தொய்வு தவறான பக்கத்துக்குப் போய்ப் பல் தாவக்கூடும். இன்னும் இரண்டு சுற்று முன்னோக்கியே போய்த் திரும்ப வாருங்கள்.

இப்போது புல்லியை உருவி, கவரின் போல்ட்டுகளை எடுங்கள். அவை வேறு வேறு நீளமுடையவை. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டு போல்ட்டுகளைச் செருகி வைப்பது எனக்குக் கைகொடுத்த முறை. ஒட்டியிருக்கும் கவரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் அலுமினியத்தில் தழும்பு விழும். பிற்பாடு ஆயில் கசிவது அந்தத் தழும்பு வழியாகத்தான். நெம்புவதற்கென்றே கவரில் விடப்பட்டிருக்கும் காதுகளைத் தேடிப் பயன்படுத்துங்கள்.

செயினைக் கழற்றும்முன்

கழற்றுவதற்கு அவசரப்படாமல், பழைய செயின் இருக்கும்போதே மூன்று பற்சக்கரங்களின் குறிகளும் எங்கே நிற்கின்றன என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த செயினில் கேம் குறிகள் சற்றுப் பின்தங்கியே நிற்கும், அது எதிர்பார்க்கக்கூடியதே. ஒரு முழுப் பல் அளவுக்கு விலகியிருந்தால் செயின் ஏற்கெனவே தாவியிருக்கிறது என்று பொருள். அப்படியானால், புதிய செயினைப் போட்ட பிறகு சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யாமல் காரை ஒப்படைக்கக் கூடாது. இத்தகைய எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை வேறு வேறு நேரத்தில் பயன்படுத்துபவை. நேரம் தவறினால் வால்வு வளையும்.

டென்ஷனரின் உலக்கையை உள்ளே தள்ளி, அதன் துளையில் 2 மி.மீ. கம்பியைச் செருகிப் பூட்டிக் கழற்றுங்கள். உலக்கை எவ்வளவு வெளியே நீண்டிருந்தது என்பதைக் குறித்துக்கொண்டால், செயினின் தேய்மானத்துக்கு அதுவே சான்று. பிறகு கைடுகள், அதன்பின் செயின். செயின் வெளியே வந்த பிறகு கிராங்கையும் கேமையும் தனித்தனியே சுற்றக் கூடாது. கேமைத் திருப்பியே ஆக வேண்டுமென்றால், கிராங்கை உச்சியிலிருந்து 90 டிகிரி தள்ளி வையுங்கள். நான்கு பிஸ்டன்களும் சிலிண்டரின் நடுப்பகுதியில் நிற்பதால் வால்வுகளுக்கு எட்டாது.

பழையதையும் புதியதையும் ஓர் ஆணியில் ஒன்றாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். கீழ்நுனியில் தெரியும் வித்தியாசம் செயினின் மொத்த நீட்சியில் பாதிதான், ஏனெனில் செயின் வளையமாகத் தொங்குகிறது. கைடுகளில் செயின் அறுத்த பள்ளம் எவ்வளவு என்று பாருங்கள். துண்டு ஏதேனும் உடைந்து போயிருந்தால், அது சம்ப்பில் ஆயில் உறிஞ்சும் குழாயின் வடிகட்டியில்தான் கிடக்கும். எல்லாத் துண்டுகளையும் சேர்த்துவைத்துக் கைடு முழுமையாகிறதா என்று பார்க்கும்வரை வேலை முடிந்ததாகக் கருத வேண்டாம். வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு உள்ள எஞ்சினாக இருந்தால், அந்த அமைப்பு உள்ள கேம் பற்சக்கரத்தைக் கையால் அசைத்துப் பாருங்கள்: ஓய்வு நிலையில் அது பூட்டி நிற்க வேண்டும். ஆட்டம் இருந்தால் காலைச் சத்தத்தில் அதற்கும் பங்கு உண்டு. செயினை மட்டும் மாற்றினால் சத்தம் முழுவதும் போகாது.

இரு பக்க உலோக விளிம்புகளிலும் உள்ள பழைய பேஸ்டை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். உப்புத்தாளும் தேய்க்கும் சக்கரமும் வேண்டாம். அவற்றின் துகள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். சுரண்டும்போது சம்ப்பின் வாயைத் துணியால் அடைத்து வையுங்கள். இந்தச் சுத்தம் செய்யும் வேலைக்கே அரை நாள் போகும். அதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

பூட்டுதல்

புதிய செயினை ஆயிலில் நனைத்துக்கொள்ளுங்கள். அதில் வேறு நிறத்தில் சில இணைப்புகள் இருக்கும்; அவை பற்சக்கரக் குறிகளின்மேல் உட்கார வேண்டும். எந்த நிறம் எந்தச் சக்கரத்துக்கு என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்; அதைக் கையேடே சொல்லும். முதலில் அசையாக் கைடு, பிறகு செயின், அதன்பின் அசையும் கைடு, கடைசியாக டென்ஷனர். புல்லிப் பக்கமிருந்து பார்க்கும்போது கிராங்க் கடிகார முள் திசையில் சுற்றுமானால், வலப்பக்கச் செயின் கீழ்நோக்கி இழுபடும். அந்தப் பக்கம் துளியும் தொய்வின்றி இருக்க வேண்டும். தொய்வு முழுவதும் டென்ஷனர் இருக்கும் இடப்பக்கத்துக்கு வர வேண்டும். செயினைப் போடும்போது கேம் ஷாஃப்டின் அறுகோணப் பகுதியில் ஸ்பேனரை வைத்து இம்மியளவு திருப்பிக்கொள்ளலாம்.

குறிகளை ஒன்றுக்கு இரண்டுமுறை பார்த்த பிறகே டென்ஷனரின் கம்பியை உருவுங்கள். உருவியதும் உலக்கை வெளியே வந்து கைடை அழுத்துவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சில டென்ஷனர்கள் ஒரு தட்டுத் தட்டினால்தான் விடுபடும்.

அடுத்து, கிராங்க் போல்ட்டைத் தற்காலிகமாகப் போட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். எங்கேனும் தட்டி நின்றால், பலம் கொடுக்காமல் நிறுத்திவிட்டுச் சரிபாருங்கள்; வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. தடையின்றிச் சுற்றி வந்தால், பற்சக்கரங்களின் குறிகள் மறுபடியும் தத்தம் இடத்தில் நிற்கும். ஆனால் நிற இணைப்புகள் அங்கே இருக்கமாட்டா. முதன்முறை இதைச் செய்த மாலையில், நிறங்கள் விலகிவிட்டதைக் கண்டு தவறு நேர்ந்ததென்று எண்ணி, சரியாக இருந்த வேலையை முழுவதும் பிரித்து மறுபடியும் பூட்டினேன். மேலே சொன்ன 122 இணைப்புச் செயினும் 18 பல் சக்கரமும் உள்ள எஞ்சினில், நிற இணைப்புகள் மறுபடியும் மூன்று சக்கரங்களின் குறிகளோடும் சேரக் கிராங்க் 122 சுற்று சுற்ற வேண்டும். நிறங்கள் பூட்டுவதற்கு மட்டுமே. சரிபார்ப்பதற்குச் சக்கரக் குறிகளே அளவுகோல்.

கவரும் சீலும்

முன் ஆயில் சீலைக் கவரில் நேராக இறக்கி, அதன் உதட்டில் ஆயில் தடவுங்கள். விளிம்பில் ஈரமோ ஆயிலோ இல்லாதபடி துடைத்துவிட்டு, சிலிக்கான் பேஸ்டைச் சுமார் 3 மி.மீ. தடிப்பில் இடைவெளியின்றி, போல்ட் துளைகளின் உட்புறமாக ஓடவிடுங்கள். எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டும் அதற்குக் கீழுள்ள பிளாக்கும் சந்திக்கும் இடத்தில் சற்றுக் கூடுதலாக வையுங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அதே சமயம், வழிந்து உள்ளே பிதுங்கும் பேஸ்ட் உதிர்ந்து ஆயில் வடிகட்டியை அடைக்கும் என்பதால் தாராளம் காட்டவும் வேண்டாம். டியூபில் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் கவரை ஏற்றி, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள். 6 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். கைபலம் காட்டினால் அலுமினிய மரை உருவிக்கொண்டு வந்துவிடும்.

கிராங்க் போல்ட்டைக் கையேட்டின் அளவுக்கு, கோணம் சொல்லியிருந்தால் அந்தக் கோணத்துக்கும், தவறாமல் இறுக்குங்கள். பற்சக்கரத்தைக் கிராங்கோடு பிணைக்க அரைவட்டக் கீ இல்லாத எஞ்சின்களும் உண்டு; அவற்றில் அந்த போல்ட்டின் இறுக்கம் ஒன்றே டைமிங்கைப் பிடித்து நிற்கிறது. மவுண்டிங், பெல்ட், டேப்பட் கவர், பிளக், சக்கரம் ஆகியவை பிரித்த வரிசைக்கு எதிர்வரிசையில் ஏறும். பேஸ்ட் காய ஓர் இரவு விட்டுவிட்டு, மறுநாள் ஆயிலும் கூலன்ட்டும் ஊற்றுவதே என் வழக்கம்.

முதல் கிளப்பல்

பேட்டரியை இணைத்து, ஃபியூல் பம்ப்பின் ஃபியூஸை உருவிவிட்டு, ஸ்டார்ட்டரை ஐந்தைந்து விநாடியாக, இடைவெளி விட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை சுற்றுங்கள். டென்ஷனருக்குள் ஆயில் நிறைந்த பிறகு எஞ்சின் கிளம்புவதே நல்லது. ஃபியூஸைத் திரும்பப் போட்டுக் கிளப்பும்போது ஓரிரு விநாடி சத்தம் கேட்டால் கவலை வேண்டாம். பத்து விநாடியைத் தாண்டினால் உடனே அணையுங்கள். எஞ்சின் சூடேறும்வரை வேகம் கூட்டாமல் ஓடவிட்டு, கவரின் விளிம்பெங்கும் டார்ச் அடித்துக் கசிவு பாருங்கள். பழைய குறியீடுகளை ஸ்கேனரால் அழித்துவிட்டு, அவை திரும்பி வருகின்றனவா என்று கவனியுங்கள்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ காப்பித் தோட்டத்து ஓடையிலோ கொட்டாமல், பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். புதிதாக ஊற்றிய ஆயிலையும் ஃபில்டரையும் 1,000 கி.மீ. கடந்ததும் ஒருமுறை மாற்றுவது வீண்செலவல்ல. சுத்தம் செய்தபோது தப்பிய துகள்கள் அதோடு வெளியேறும். அதன்பின் மலைக்குப் போய்வரும் காருக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதையே நான் கடைப்பிடிக்கிறேன்.

சேலத்துக்குள் இரண்டு நாள் ஓட்டிக் கசிவில்லை என்று உறுதியான பிறகு, ஏற்காட்டுக்கு ஒருமுறை ஏறுங்கள். அடிவாரத்தில் நிறுத்தி ஆயில் அளவு பாருங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் பானெட்டைத் திறந்து கவரின் அடிவிளிம்பை மறுபடியும் பாருங்கள். இரவு அங்கே தங்க முடிந்தால், காரைத் திறந்தவெளியில் நிறுத்திவையுங்கள். காலையில் ஒருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் புல்லிப் பக்கத்தில் நின்று காதைக் கொடுங்கள்.